பாட்டு வேண்டும், பாடினவள் பெயர் வேண்டாமா?

கல்விக்கும் கலைக்கும் தெய்வம் யாரென்று நம்மவரைக் கேட்டால், சற்றும் தயங்காமல் வீணை ஏந்திய ஒரு பெண்ணின் படத்தைக் காட்டுவார்கள். அந்தப் படத்துக்கு மாலையிடுவார்கள், கற்பூரம் காட்டுவார்கள், வருஷத்துக்கொரு முறை புத்தகங்களை அடுக்கி வைத்துப் பூசையும் செய்வார்கள். ஆனால் அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி மெய்யாகவே ஒரு வீணையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் சபையில் வாசிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டாலோ, அதே கனவான்களின் முகம் கோணிப் போகிறது. "குடும்பப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு?" என்கிறார்கள். படத்திலிருக்கும் பெண்ணுக்குப் பூசை. பக்கத்திலிருக்கும் பெண்ணுக்குப் பூட்டு. இந்த இரட்டை வழக்கைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்லத் துணிந்தோம்.

பெண்களைப் புகழ்வார் இல்லை என்று நாம் குறை கூற வரவில்லை. புகழுக்கு நம்மிடம் எந்நாளும் பஞ்சமிருந்ததில்லை. "பெண்மையே கலை" என்று மேடையேறி முழங்காத பிரசங்கியார் எவர்? நாம் கேட்பது அந்தப் புகழையன்று. பெண்ணின் கலைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் மூன்று உண்டு: அவள் பெயரைச் சொல்லுதல், அவள் உழைப்புக்கு ஊதியம் கொடுத்தல், அவளுக்கு மேடையில் சரியாசனம் அளித்தல். இம்மூன்றையும் செய்யாமல் ஆயிரம் புகழ்மொழி சொன்னாலும், அது கடன்காரன் கடன் கொடுத்தவனுக்குக் கும்பிடு போடுவதை ஒக்கும். கும்பிட்டால் கடன் தீருமா?

நம் தோட்டத்துத் திருவிழா அறிக்கை ஒன்றை எடுத்துப் பாருங்கள். தலைவர் பெயர் இருக்கும். செயலாளர் பெயர் இருக்கும். பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி தந்தவர், பத்து வெள்ளி நன்கொடை அளித்தவர் எல்லார் பெயரும் இருக்கும். மூன்று மாதம் இராக்கண் விழித்துப் பழகி, அன்றிரவு இரண்டு மணி நேரம் பாடிய பெண்கள் மட்டும் "மாதர் குழுவினர்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவார்கள். தோட்டக் காரியாலயத்தில் கிராணி வேலை பார்க்கும் நாமும் இத்தகைய அறிக்கைகள் பலவற்றை நம் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆகவே பிறரை நோக்கி மட்டும் விரல் நீட்ட நமக்கு யோக்கியதை இல்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

இவ்வழக்கம் இந்நாட்டில் முளைத்ததன்று. நம் முன்னோருடன் கப்பலேறி வந்தது. ஆதலால் அது புறப்பட்ட இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சற்றே பார்ப்போம்.

1847இல் திருவையாற்றில் மறைந்த தியாகராஜரின் பாட்டுக்களைப் பாடாத கர்நாடக சங்கீத வித்துவான் இல்லை. அவற்றைப் பாடிப் பேரும் பொருளும் சேர்த்தவர் பலர். ஆயினும் காவிரிக்கரையில் அவர் அடங்கிய இடம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதைக் கேள்வியுற்று, தன் சொந்தப் பொருளைக் கொண்டு அங்கே நிலம் வாங்கி, கட்டடம் எழுப்பியவர் ஒரு பெண். அவர் பெயர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவர் பிறந்தது 1878இல். பிறந்த குலம் தேவதாசிக் குலம். 1920களில் அவர் அக்கட்டடத்தைக் கட்டி முடித்தார். அதன் பின் நடந்ததுதான் வேடிக்கை. ஆண்டுதோறும் அங்கே கூடிப் பாடிய வித்துவான்கள், பெண்கள் அந்த விழாவில் பாடக்கூடாது என்றிருந்தார்கள். கட்டடம் கட்டப் பெண்ணின் பணம் ஆகும். அக்கட்டடத்தின் முன்னே பெண்ணின் குரல் ஆகாது!

நாகரத்தினம்மாள் அழுதுகொண்டு ஊர் திரும்பிவிடவில்லை. 1927 முதல் பெண்களைத் திரட்டித் தனியே விழா நடத்தினார். முன்னரே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிளவுபட்டிருந்த இடத்தில் பெண்கள் கட்சி என்று மூன்றாவது ஒன்று எழுந்தது. பல வருஷம் அவர் போராடிய பின், 1940ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றுபட்டன. பெண்களும் அவ்விழாவில் பாடும் உரிமை பெற்றார்கள். 1952இல் அவர் மறைந்தபோது அவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். இன்று அவ்விழாவில் எத்தனையோ பெண்கள் பாடுகிறார்கள். அவர்கள் அமர்ந்து பாடும் இடத்தை வாங்கித் தந்தவளின் பெயர் நம்மவரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டைக் கேட்டுத் தலையசைக்கும் நாம் இதை யோசித்ததுண்டா?

"அது கோயிலும் குளமும் சார்ந்த வைதிகர்களின் வேலை, சீர்திருத்தக்காரர்களாகிய நமக்கு அதில் பங்கில்லை" என்று வாசகத் தோழர்கள் சிலர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியில்லை என்பதற்கு அதே நாகரத்தினம்மாளின் வாழ்க்கையே சாட்சி. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையைச் சேர்ந்த முத்துப்பழனி என்னும் பெண் தெலுங்கில் "ராதிகா சாந்த்வனம்" என்றொரு காவியம் பாடினாள். பின்வந்த பதிப்பில் அவளைப் பற்றிய செய்திகளும் செய்யுட்கள் சிலவும் விடுபட்டிருக்கக் கண்டு, 1910இல் நாகரத்தினம்மாள் அதை முழுமையாகப் பதிப்பித்தார். அந்நூலைப் பழித்தவர்களுள் முக்கியமானவர் யார் தெரியுமா? விதவைகளின் மறுமணத்துக்காக ஊரார் எதிர்ப்பையெல்லாம் தாங்கி நின்ற கந்துகூரி வீரேசலிங்கம்! காதலைப் பற்றி ஆண் கவிகள் எழுதியதையெல்லாம் பொறுத்த உலகம், பெண்ணொருத்தி எழுதியதைப் பொறுக்கவில்லை. அரசாங்கம் அப்புத்தகத்தைத் தடை செய்தது. பிரகாசம் முதன்மந்திரியாக வந்த பிறகே அத்தடை நீங்கிற்று. விதவைக்கு வாழ்வு தர முன்வந்த பெரியவருக்கே, பெண்ணின் எழுத்துக்கு வாழ்வு தர மனம் வரவில்லை என்றால், நம்மைப் போன்றோர் எம்மட்டு?

இனி நம் சொந்த வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையை ஒழிக்கப் பாடுபட்டவர்கள் நம் இயக்கத்தார். அதில் நமக்கு எள்ளளவும் வெட்கமில்லை, பெருமையே உண்டு. சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், தாமே அக்குலத்தின் கொடுமையை அனுபவித்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் முன்னின்று போராடினார்கள். அம்மையார் 1936இல் தாசிகளின் வாழ்வை வைத்து நாவலே எழுதினார். 1947இல் பொட்டுக்கட்டுதல் சட்டப்படி ஒழிந்தது. நல்லது. ஆனால் அப்பெண்களின் கழுத்திலிருந்த பொட்டை அறுத்தபோது, அவர்கள் தொண்டையிலிருந்த சங்கீதத்தையும் காலிலிருந்த ஆட்டத்தையும் என்ன செய்வதென்று நம்மில் பலர் யோசிக்கவில்லை. "ஆட்டமும் பாட்டும் இழிதொழில், அவை தொலையட்டும்" என்று சொல்லித் திரும்பிவிட்டோம். நாம் திரும்பிய பக்கத்தில் வேறு சிலர் வந்து அவற்றை எடுத்துக்கொண்டார்கள்.

சதிர் என்று இகழப்பட்ட ஆட்டத்துக்குப் பரத நாட்டியம் என்ற பெயர் 1930களில் நிலைத்தது. 1935இல் மேடையேறிய ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். ஆட்டத்தின் உடையையும் அணியையும் மேடை அமைப்பையும் புதிதாகத் திருத்தினார். நெசவுக்கும் அங்கே இடம் கொடுத்தார். அவர் செய்த தொண்டு பெரிது. அதையும் ஒரு பெண்ணின் சாதனையென்றே நாம் மதிக்கிறோம். ஆனால் அவருக்கு ஆட்டம் கற்பித்தவர்களுள் ஒருவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள் என்னும் பழைய தேவதாசி. அக்கலை உயர்ந்தோர் மாளிகையில் குடியேறியபோது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த குடும்பங்களின் பெண்கள் பலர் வாயிற்படிக்கு வெளியே நின்றார்கள். கலைக்கு மரியாதை வந்தது; கலையைக் காத்தவளுக்கு வரவில்லை. பாலசரஸ்வதியைப் போன்ற ஒரு சிலரே இத்தனைக்கும் ஈடுகொடுத்து நின்று, கடல் கடந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் தம் கலையைக் கற்பித்தார்கள்.

இந்தப் பாலசரஸ்வதியின் பாட்டிதான் வீணை தனம்மாள். 1867இல் பிறந்து 1938இல் மறைந்த அவர், சென்னையில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிக்கும்போது, பெயர்பெற்ற வித்துவான்களெல்லாம் சென்று அடக்கமாய் உட்கார்ந்து கேட்பார்களாம். கேட்க மட்டும் தடையில்லை. ஆனால் பட்டம் கொடுக்கும் காலம் வந்தபோது நடந்ததைப் பாருங்கள். சென்னைச் சங்கீத வித்வத் சபை தோன்றியது 1928இல். அதன் சங்கீத கலாநிதிப் பட்டம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 1968இல். பெற்றவர் மதுரை சண்முகவடிவின் மகள் எம். எஸ். சுப்புலட்சுமி. நாற்பது வருஷம்! அந்த நாற்பது வருஷமும் தமிழ்நாட்டில் பாடத்தெரிந்த பெண்ணே இருந்ததில்லையா? பிறகு 1970இல் டி. கே. பட்டம்மாளும், 1973இல் பாலசரஸ்வதியும், 1976இல் தனம்மாளின் மற்றொரு பேத்தி பிருந்தாவும், 1977இல் எம். எல். வசந்தகுமாரியும் அப்பட்டத்தைப் பெற்றார்கள். மடை திறந்த பிறகு வெள்ளம் இப்படி வந்ததென்றால், அதுவரை தண்ணீர் இல்லாமலிருந்ததா, மடை அடைத்திருந்ததா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். 1998இல் பாரத ரத்னா விருதைப் பெற்ற முதல் சங்கீதக் கலைஞரும் அதே சுப்புலட்சுமிதான்.

இவ்வளவு சொன்ன பிறகும் சிலர் வாதாடுவார்கள். "பெண்கள் குரலினிமையால் பாடுகிறார்களேயன்றி வித்தையால் பாடுவதில்லை" என்பார்கள். ராகம் தானம் பல்லவி ஆணுக்கே உரிய கடின வித்தை என்று கருதப்பட்ட நாளில், அதைச் சபையில் பாடிக்காட்டிப் "பல்லவி பட்டம்மாள்" என்றே பெயர் வாங்கிய ஒருவர் இருக்கையில் இவ்வாதம் எப்படி நிற்கும்? "பெண்கள் பிறர் இயற்றியதைத்தானே பாடுகிறார்கள்" என்பார்கள். தியாகராஜர் பாட்டைப் பாடும் ஆண் வித்துவான் மட்டும் தாமே இயற்றியா பாடுகிறார்? அவர் பாடினால் வித்துவத்தன்மை. அவள் பாடினால் கிளிப்பிள்ளையா? "மேடையேறினால் மானம் போய்விடும்" என்பார்கள். 1935இல் வெளியான "நந்தனார்" படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்துப் பாடினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்ச ரூபாய். 1958இல் அவர் சென்னைச் சட்ட மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார். மேடை அவர் மானத்தைக் கொண்டுபோயிற்றா, கொண்டுவந்து கொடுத்ததா?

சபைச் சங்கீதத்தோடு நிறுத்திவிட்டால் நாமும் பாதிக் கணக்கே எழுதினவர்களாவோம். பட்டமும் பதக்கமும் எட்டாத இடத்தில், நம் பாட்டிமார் செய்த கலையொன்று உண்டு. அது நம் லயங்களில் பிறந்தது.

விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டும். அதற்கும் முன்னே எழுந்து, வாசலைத் தெளித்து, புள்ளி வைத்து, கையை எடுக்காமல் ஒரே இழையாகக் கோலத்தைச் சுற்றி முடித்தாள் ஒருத்தி. மறுநாள் அதை அழித்து வேறொன்று போட்டாள். அவள் கையில் ஏடில்லை, அளவுகோல் இல்லை. 1970களில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி முதலிய அறிஞர்கள் புள்ளிக்கோலத்துக்கு ஓர் இலக்கணம் உண்டென்று கண்டு, அதைக் கணித முறைப்படி ஆராய்ந்து எழுதினார்கள். கணித அறிஞர் வியந்த அந்த வித்தையை நாம் என்னவென்று சொல்லி வந்தோம்? "வாசல் வேலை" என்றோம். பிள்ளைக் கொட்டகையில் அவள் பாடிய தாலாட்டைப் "பிள்ளை தூங்கச் செய்கிற சத்தம்" என்றோம். மரணம் நேர்ந்த வீட்டில், இறந்தவரின் வாழ்வையெல்லாம் அந்த நிமிஷமே பாட்டாகக் கட்டிப் பாடிய ஒப்பாரியை "அழுகை" என்றோம். அதையே ஆணொருவன் கட்டிப் பாடியிருந்தால் ஆசுகவி என்று பட்டம் சூட்டியிருப்போம்.

உடையைப் பற்றியும் அப்படியே. சுப்புலட்சுமி உடுத்திய பட்டின் நீலத்துக்கு "எம். எஸ். நீலம்" என்றே கடைத்தெருவில் பெயர் வழங்கிற்று. ஒரு பெண்ணின் கண் தேர்ந்த வண்ணம் ஊரையே உடுத்த வைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் நம் வீடுகளில் பெண்ணின் அலங்காரத்தை எதனால் அளக்கிறோம்? எத்தனை பவுன் என்று கேட்கிறோம். கழுத்தில் தொங்கும் பொன் தகப்பன் பணத்தையோ புருஷன் பணத்தையோ காட்டுமேயன்றி அவள் அறிவைக் காட்டாது. சாயம் போன சேலையைப் பிள்ளைக்குப் பாவாடையாக வெட்டி, கரையை விளிம்பில் வைத்துத் தைத்தாளே, அந்தக் கத்தரியில்தான் அவள் கலை இருக்கிறது. நகை விலங்கென்று பிரசங்கம் செய்த நாம், அவள் ஊசியைக் கலையென்று சொல்ல மறந்தோம்.

இதில் வியப்பென்ன? அவள் கூலிக்குச் செய்த வேலையையே நாம் முழுதாக மதித்ததில்லை. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கிய வட்டாரங்களில் தோட்டத் தொழிலாளிக்கு வகுத்த நாட்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் மரத்துக்கு வெட்டுவது ஆணா பெண்ணா என்று தெரியாது. செக்ரோலுக்கு மட்டும் தெரிந்திருந்தது. மங்கில் வடிந்த பாலுக்கே பத்துக் காசு குறைத்த உலகம், தொண்டையில் வடிந்த பாட்டுக்குக் காசு கொடுக்குமா?

பட்டணத்துத் தோழர்களுக்கு நம்பிக்கை தரும் செய்தியும் இல்லாமலில்லை. சாந்தா பாஸ்கர் சிங்கப்பூரில் 1958இலேயே சீனர் போற்றும் வண்ணத்துப்பூச்சிக் காதலர் கதையைப் பரத நாட்டியமாக அமைத்தார். யாழ்ப்பாணத் தமிழரும் இந்தியத் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கலந்து வாழும் ஊரில் நம் கலை எப்படி வாழவேண்டும் என்பதற்கு அவர் வழிகாட்டினார். இலங்கையில் பிறந்து கலாக்ஷேத்திரத்தில் பயின்ற நீலா சத்தியலிங்கம் 1977இல் அப்சரஸ் ஆர்ட்ஸ் என்னும் நிலையத்தைச் சிங்கப்பூரில் தோற்றுவித்தார். அரசாங்கம் 1989இல் நீலாவுக்கும் 1990இல் சாந்தாவுக்கும் கலாசாரப் பதக்கம் அளித்தது. நாடு மதித்த பிறகு நாம் கைதட்டினோம். நாம் முதலில் மதித்து நாட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

நம் இயக்கத் தோழர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். 1929இன் இறுதியில் இந்நாட்டுக்கு வந்து நம்மிடையே சுயமரியாதைக் கொள்கையைப் பேசிய ஈ. வெ. ராமசாமிக்குப் "பெரியார்" என்னும் பட்டத்தைத் தீர்மானமாக நிறைவேற்றி அளித்தது, 1938இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. நம் தலைவருக்குப் பெயர் சூட்டியவர்கள் பெண்கள். அப்பெண்களின் பெயரைத் திருவிழா அறிக்கையில் ஒரு வரியாகப் போட நமக்கு மை போதவில்லையா?

ஆகவே நாம் வேண்டுவது இது. இனி எந்தத் தோட்டத்திலும் எந்தச் சங்கத்திலும் பெண்கள் பாடினால், ஆடினால், பந்தலில் கோலமிட்டால், நாடகத்துக்கு உடை தைத்தால், ஒவ்வொருவர் பெயரையும் அறிக்கையில் அச்சிட வேண்டும். மேளக்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கணக்கில் பணம் ஒதுக்கும்போது அவர்களுக்கும் ஒதுக்க வேண்டும். "நம் வீட்டுப் பெண்கள்தானே" என்ற சாக்கு உதவாது. சங்கத்தின் கலைக்குழுவில் யாரை அழைப்பது, எதைப் பாடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் பெண்கள் உட்கார வேண்டும். மகனுக்கு மிருதங்கம் வாங்கிக் கொடுக்கிற தகப்பன், மகள் கேட்டாலும் மிருதங்கமே வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது, அதற்குச் சங்கமும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெரிந்த பாட்டிமார் நம்மிடையே நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, நம்மவர் பட்டணம் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் பாட்டுக்களைக் கட்டி எடுத்து வர ஒரு பெட்டியும் இருக்கவில்லை. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் குரலைப் பிடித்து வைக்கும் கைப்பேசி இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். "ஆயா, ஒன்று பாடு" என்று கேளுங்கள். அவர் வெட்கப்பட்டு மறுப்பார், மறுபடியும் கேளுங்கள். பாடி முடித்ததும் பாட்டை எழுதுங்கள். அதன் கீழே தேதியை எழுதுங்கள். தோட்டத்தின் பெயரை எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அவர் பெயரை எழுதுங்கள். இன்னாருடைய மனைவி என்றோ, இன்னாருடைய தாய் என்றோ எழுத வேண்டாம். அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. செக்ரோலில் நாற்பது காசுக்கு எதிரே எழுதின அந்தப் பெயரை, ஒரு முறையாவது அவருடைய பாட்டுக்கு எதிரே எழுதுவோம்.